வண்டியைத் தூக்குமா இது?

தச்சர் சவரியப்பன், வேன் ஓட்டுகிற ஆத்மநாதனுக்கு ஒரு ஜாக்கி கடன்பட்டிருந்தார். பணமில்லை, நகையில்லை, வேனைத் தூக்கி நிறுத்துகிற இரும்பு ஜாக்கி. ஒரு மத்தியான வேலைக்கு என்று கேட்டு வாங்கியது. பட்டறைக்குள் போனது, மேசைக்கு அடியில் போல்ட்டுப் போட்டு உட்கார்ந்துகொண்டது. நாலு வருஷம் ஓடிவிட்டது.

இதோ, போன் அடிக்கிறது. தேக்குச் சட்டத்தில் காடிப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தவர் மிஷினை அணைத்து, காதில் அடைத்த பஞ்சைப் பிடுங்குகிறார்.

"சொல்லு ஆத்மா."

"அண்ணே, பஞ்சர்."

"எங்கிட்டுடா நிக்கிற?"

"ஆலங்குடி ரோட்டுலண்ணே. புளியமரத்துக்கிட்ட."

"வாரேன். பின் சக்கரத்துக்குக் கல்லு குடுத்து வை."

அவ்வளவுதான். மேசைக்கு அடியில் புகுந்து நாலு போல்ட்டைக் கழற்றுவார். ஜாக்கி மடியில் வந்து விழும். கோணிச் சாக்கில் சுற்றி, மொபெட்டின் முன்னால் பச்சைப் பிள்ளையைப் போலக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்புவார். போய்ச் சேர்ந்து, தானே வேனைத் தூக்கி, தானே சக்கரத்தைக் கழற்றி, தானே ஸ்டெப்னியை மாட்டுவார். ஆத்மநாதன் புளியமர நிழலில் நின்று சட்டைக் காலருக்குள் ஊதிக்கொண்டிருப்பான். பொருளுக்குச் சொந்தக்காரன் அவன். அவன் எதற்கு வேர்க்க வேண்டும்? வேலை முடிந்ததும் ஜாக்கி மறுபடி சாக்குக்குள் போகும், சவரியப்பனோடு பட்டறைக்குத் திரும்பும், மேசைக்கு அடியில் ஏறும்.

யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வாங்குனதைத் திருப்பித் தரலைன்னு எவனாச்சும் சொல்லட்டும் பாப்போம். மாசத்துல ரெண்டு தடவை திருப்பித் தாரேன். அப்பறம் மறுபடி வாங்கிக்கிறேன். ஒங்க ஊர்ல கடன் வாங்குனவன் யாரு இப்படி நடந்துக்கிறான்?"

யாரும் நடந்துகொள்வதில்லை. அதுவும் உண்மைதான்.

வல்லத்திராக்கோட்டையில் பட்டறை போட்டிருக்கும் சவரியப்பனுக்கு வயசு அறுபத்தாறு. அஞ்சாம் வகுப்பை முடித்தாரா இல்லையா என்பதில் அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒற்றை உளியோடு தொழிலுக்கு வந்தவர். இன்றைக்கு மூன்று மிஷின், தகரக் கொட்டகை, சொந்த மனை, வாசலில் அவர் பேர் எழுதிய போர்டு. அதில் பேர் மட்டும்தான் இருக்கும், தொழில் இருக்காது. "பேரைப் பாத்தே தொழில் தெரியணும். தெரியாதவன் அசலூர்க்காரன்" என்பார். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆடாமல் நிற்கிற கதவெல்லாம் அவர் போட்டது, ஆடுகிற கதவெல்லாம் மற்றவன் போட்டது. இது அவர் கணக்கு. தப்பென்று சொல்ல இதுவரை எவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாங்க என்ற சொல் காதில் விழுவதற்குள் அந்த வீட்டுக் கதவை ஒருதரம் திறந்து மூடிப் பார்த்துவிடுவார். கல்யாண வீடானாலும் பார்ப்பார், சாவு வீடானாலும் பார்ப்பார். போன வருஷம் ஒரு துக்க வீட்டில் உள்ளே அழுகுரல் கேட்டுக்கொண்டிருக்க, வாசலில் நின்று கதவை ரெண்டு தரம் ஆட்டிப் பார்த்து, "கீலுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மாலையைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். பக்திக் குறைவு ஒன்றுமில்லை. "முன்னாடி பெஞ்செல்லாம் வேற ஆளு செஞ்சது. முட்டி போட்டு எந்திரிச்சா ஆடும். சாமிக்கு முன்னால எதுக்கு ஆடிக்கிட்டு?"

இப்படிப்பட்டவர் மேசைக்கு அடியில் வேன் ஜாக்கி எப்படி வந்தது என்றால், காரணம் ரூட்டர் மிஷின். ஒரு மோட்டார், அதன் முனையில் வெட்டுகிற பிட்டு. மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். பிட்டு மட்டும் மேசைப் பலகையின் ஓட்டை வழியாக எலி மாதிரி மேலே எட்டிப் பார்க்கும். மரத்தை அதன் மேல் தள்ளினால் காடி விழும், ஓரத்தில் அலை அலையாகப் பூ விழும். எத்தனை நூல் எட்டிப் பார்க்கிறதோ அத்தனை நூல் வெட்டு, எட்டு நூல் ஒரு அங்குலம். அதை ஏற்ற இறக்க ஒவ்வொரு தடவையும் அடியில் போய் மல்லாக்கப் படுக்க வேண்டும். மூக்கில் தூள், வாயில் தூள். ஒருநாள் உத்தரம் தூக்க வாங்கி வந்த ஜாக்கி பக்கத்தில் சும்மா கிடந்தது. மோட்டாருக்கு அடியில் தள்ளி ராடைச் சுற்றினார். பிட்டு மெதுவாக, மரியாதையாக மேலே எழுந்தது. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில், ஆள் மிஷினில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து மனைவி ஞானமணி கரண்டியோடு ஓடி வந்தார்.

மருமகள் ஷர்லியின் நகப்பூச்சை வாங்கி ஜாக்கியின் திருகாணியில் குறி வைத்துக்கொண்டார். சிவப்பு அரை அங்குலம், ரோஸ் கால் அங்குலம். அப்புறம் அளவுகோல் எதற்கு?

வேறு ஒரு ஜாக்கி வாங்கினால் தீர்ந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்குமா? வாங்கினார். பழைய இரும்புக் கடையில் தொள்ளாயிரம் ரூபாய். திருகாணி வேறு பல்லு, குறி ஒத்துவரவில்லை. சரி, இதை நீ வைத்துக்கொள், உன்னுடையதை எனக்கு விடு என்று ஆத்மநாதனிடம் நீட்டினார். "எனக்கு என்னோடதுதாண்ணே வேணும். எங்க வேன் கூடவே வந்தது" என்றான். சவரியப்பனுக்குக் கோபம். வாங்கின விலைக்கே விற்றுத் தொலைத்தார். பழைய ஜாக்கி பழைய இடத்திலேயே இருந்தது. பஞ்சரும் பழையபடி வந்துகொண்டிருந்தது.

ஞானமணிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நான் தச்சுவேலைக்காரருக்குத்தான் கழுத்தை நீட்டுனேன். பஞ்சர் பாக்குறவருக்கு இல்ல. கதவு கேட்டு வர்றவுகளுக்கெல்லாம் 'அவுக வேனைத் தூக்கப் போயிருக்காக'ன்னு எத்தனை நாளைக்கு நான் பதில் சொல்றது?"

இந்தச் சமயத்தில்தான் ஷர்லி போனில் ஒரு படம் காட்டினார். "மாமா, இதுக்குன்னே ஒரு சாமான் இருக்கு. ரூட்டர் லிப்டுன்னு பேரு. மேசை மேலருந்தே கைப்பிடியைச் சுத்துனாப் போதும், ஏறும் எறங்கும். கீழ படுக்கவே வேணாம்." படத்தில் பேசினவன் இந்திக்காரன். ஆனால் கை பேசியது தச்சுப் பாஷை. சவரியப்பனுக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் விளங்கிற்று. மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு விலை கேட்டார்.

"முப்பத்தெட்டாயிரம் மாமா."

"அணைச்சுரு தாயி. போன் சூடாகுது."

சொன்னாரே தவிர மறுநாளே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு மிஷின் கடையில் லிப்டு ஒன்று மாதிரிக்கு வைத்திருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பேர் பிரகதீஸ்வரி. பொறுமைசாலி. சவரியப்பன் முதலில் கடைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு லிப்டின் கைப்பிடியைச் சுற்றினார். ஏறியது. மறுபடி சுற்றினார். இறங்கியது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. பெண் பார்க்க வந்தவர் பிடித்திருக்கிறது என்பதை முகத்தில் காட்டக் கூடாதல்லவா? முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது வண்டியைத் தூக்குமா?"

"என்னங்கய்யா?"

"வேனு. மினி வேனு. பஞ்சரானா அடியில வச்சுத் தூக்குமா?"

"இல்லைங்கய்யா. ரூட்டரை மட்டுந்தான் தூக்கும்."

"தொள்ளாயிர ரூவா ஜாக்கி ரெண்டையும் தூக்குது. முப்பத்தெட்டாயிரத்துக்கு நீங்க ஒரே வேலை செய்யிறதை விக்கிறீங்க. நல்லா இருக்கும்மா வியாபாரம்."

வெற்றியோடு ஊர் திரும்பினார். ரெண்டு வாரம் கழித்து மறுபடி போனார், ஒருவேளை இப்போது தூக்குமோ என்பது போல அதையே கேட்டார். பிரகதீஸ்வரி டீ வாங்கிக் கொடுத்து, இன்னும் தூக்கவில்லை என்றார். நாலு மனிதர் கூடுகிற இடமெல்லாம் சவரியப்பனுக்கு இதே பேச்சாயிற்று. "லிப்டாம் லிப்டு. ஒரு வேனைத் தூக்க வக்கில்ல."

அப்போதுதான் அறந்தாங்கி வேலை வந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த முத்துராஜ் மாடி வீடு கட்டி முடித்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. தலைவாசல் கதவு சவரியப்பன் பொறுப்பு. "பெரியவரே, வாசக்கதவு திருப்தியா நின்னுச்சுன்னா உள் கதவு அத்தனையும் ஒங்களுக்குத்தான். எங்க அண்ணன் வீட்டு வேலையும் ஒங்களுக்குத்தான். நிக்கலைன்னா…" என்று முத்துராஜ் இழுத்தார்.

"நிக்கலைன்னாங்குற பேச்சை வேற தச்சன்கிட்டப் பேசுங்க தம்பி" என்றார் சவரியப்பன். ரெண்டு வீட்டுக் கதவு. பட்டறைக்கு ஒரு வருஷச் சோறு.

கதவுக்கு நாலு சட்டம், நடுவே பூப்போட்ட பலகை. சட்டங்களில் காடி எடுத்து, பலகையை அதில் சொருகி, மூலைகளைப் பூட்ட வேண்டும். ரெண்டு சட்டத்துக்குக் காடி எடுத்து முடித்த நேரம் போன் அடித்தது.

"அண்ணே, பஞ்சர். வேனுக்குள்ள மாடு இருக்குண்ணே."

ஜல்லிக்கட்டு மாடு. வாடிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாட்டுக்காரர் அய்யாக்கண்ணு வேனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இறக்கிக் கட்டுங்கள் என்றதற்கு ஒரே பிடிவாதம். "எறக்குனா ஏறமாட்டான். ஏத்துறதுக்கே காலையில ஏழு பேரு."

சவரியப்பன் ஜாக்கியை வைத்துத் தூக்க ஆரம்பித்தார். வேன் இந்தப் பக்கம் எழும்ப எழும்ப மாடு இந்தப் பக்கமாக நகர்ந்து வந்து, யார் தூக்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தது.

"யோவ், மாட்டைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுய்யா!"

"சொன்னாக் கேக்குறவனா இருந்தா ஜல்லிக்கட்டுக்கா கொண்டுபோறேன்? வீட்டு வேலைக்கு வச்சுக்கிருவேன்ல?"

ஆத்மநாதன் நிழலில் இருந்தபடியே, "அண்ணே, மெதுவா. பொருளு பழசு" என்றான்.

ஜாக்கி கிர்ரென்று முனகியது. மாடும் முனகியது. எது எதற்குப் பதில் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு வழியாகச் சக்கரம் மாறியது. சட்டையெல்லாம் சாணித் தெறிப்போடு சவரியப்பன் பட்டறைக்குத் திரும்பி, ஜாக்கியைப் பூட்டி, சிவப்புக் குறிக்கு ஏற்றினார். ஒரு வேண்டாத துண்டில் ஓட்டி அளவு பார்ப்பது வழக்கம். அன்று பார்க்கவில்லை. மாட்டோடு வேனைத் தூக்கின கைக்குச் சோதனை வேறு வேண்டுமா? மிச்சம் ரெண்டு சட்டத்துக்கும் காடி எடுத்து, நாலையும் பசை போட்டுப் பூட்டினார். மூலையில் கட்டைவிரலை ஓட்டினார்.

நகம் இடறியது.

அரை நூல். ஒரு சட்டம் மேலே, ஒரு சட்டம் கீழே. அடியில் புகுந்து பார்த்தால் ஜாக்கியின் திருகாணி லேசாக வளைந்து, மாடு எட்டிப் பார்த்த பக்கமாகவே சாய்ந்திருந்தது. பூட்டின கதவைப் பிரிக்க முடியாது. சட்டமும் பலகையும் அத்தனையும் வீண்.

"மாடு கெடுத்துருச்சு" என்றார் ஞானமணியிடம்.

"மாடா கெடுத்துச்சு?" என்றார் ஞானமணி.

மறுநாள் காலை ஷர்லியையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். கோணிச் சாக்கை அவிழ்த்து, கோணல் ஜாக்கியைக் கடை மேசை மேல் லிப்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைக்கு வந்திருந்தவர்கள் கூடிவிட்டார்கள். சவரியப்பன் லிப்டை ஏற்றினார், இறக்கினார். பக்கத்தில் இருந்த பூட்டுத் திருகை இறுக்கி அசைத்துப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. எல்லாம் மனசுக்குச் சரி என்று பட்டுவிட்டது. ஆனாலும் ரெண்டு மாசமாக ஊரெல்லாம் பேசின பேச்சு இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஏம்மா, கடைசியாக் கேக்குறேன். இது வண்டியைத் தூக்குமா?"

பிரகதீஸ்வரி அவரையும் பார்த்தார், ஜாக்கியையும் பார்த்தார். "தூக்காதுங்கய்யா. ஆனா நீங்க வண்டியைத் தூக்கப் போற நேரத்துல, இது மேசையிலயே இருக்கும்."

சவரியப்பன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் நாலு தேக்குச் சட்டம் மிஞ்சியிருக்கும்.

"கட்டும்மா" என்றார்.

ஷர்லி போனைத் தொட்டார். பணம் வந்ததைச் சொல்கிற கடைப் பெட்டி டிங் என்றது. முப்பத்தெட்டாயிரம் போய்விட்டது. சவரியப்பன் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "அவ்வளவுதானா? போன சத்தங்கூடக் கேக்கலையே. காசுன்னா கையில விழணும் தாயி. இல்லைன்னா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

புதுத் தேக்கு தன் கைக்காசில் வாங்கினார். லிப்டு மேசையில் ஏறியது. வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் அறந்தாங்கி வீட்டில் கதவு நின்றது. முத்துராஜ் ஒற்றை விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் நின்றது. மூலையில் விரலை ஓட்டிப் பார்த்தார். நகம் இடறவில்லை. "எங்க அண்ணனை ஒங்ககிட்டப் பேசச் சொல்றேன் பெரியவரே" என்றார். சவரியப்பன் அன்றைக்கு மொபெட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார், வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

அதற்கப்புறம் பட்டறைக்கு வருகிறவர்கள் வந்த வேலையைச் சொல்வதற்கு முன் லிப்டைப் பார்க்க வேண்டும். ஏற்றிக் காட்டுவார், இறக்கிக் காட்டுவார். "வாங்குனா இதை வாங்கணும். நான் மொதல்லருந்தே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்." பால்காரர் ஏழெட்டுத் தரம் பார்த்துவிட்டார்.

ஆக, ஜாக்கிக்கு வேலை முடிந்தது. வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பதென்றால் சவரியப்பன் சும்மா கொடுப்பாரா? லேத்துப் பட்டறையில் திருகாணியை நிமிர்த்தி, பச்சைப் பெயின்ட் அடித்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தார். சுற்றிலும் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு எதிரில், நாலு பேர் பார்க்க, ஆத்மநாதனுக்கு முன்னால் நீட்டினார்.

ஆத்மநாதன் கையை நீட்டவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"என்னண்ணே இது? எம்மேல எதுவும் கோவமா?"

"கோவம் என்னடா? ஒம் பொருளு. புடி."

"இருக்கட்டும்ணே. அதுபாட்டுக்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டேனா?"

"நாலு வருசக் கடன்டா!"

"அதுக்கென்னண்ணே அவசரம்?"

டீக்கடையில் ஒருவனுக்குச் சிரித்து டீ புரையேறியது. சவரியப்பன் தாம்பாளத்தில் இருந்ததையெல்லாம் வேன் சீட்டில் இறக்கி வைத்துவிட்டு, தாம்பாளத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். கடன் தீர்ந்தது. அந்த மாதம் முழுக்க போன் அடித்தால் வேலை சொல்கிறவர்கள்தான், கதவு கேட்கிறவர்கள்தான். சவரியப்பன் ஒவ்வொரு தடவையும் பஞ்சைப் பிடுங்கிவிட்டு, "எங்கிட்டு நிக்கிற?" என்றே ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள் அடித்தது.

"அண்ணே, பஞ்சர். நம்ம பஸ் ஸ்டாப்லயேதான்."

"ஜாக்கி ஒங்கிட்டத்தானடா இருக்கு?"

"இருக்குண்ணே. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியலையே."

சவரியப்பன் போனபோது பச்சை ஜாக்கி வேனுக்கு முன்னால் தரையில் நின்றுகொண்டிருந்தது. ஆத்மநாதன் அதை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்து, பம்பருக்கு அடியிலும் வைத்துப் பார்த்ததில் பம்பர் நெளிந்திருந்தது. டீக்கடைக் கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. வேன் நிறையத் தேங்காய்.

"நகரு" என்றார் சவரியப்பன்.

டீ ஆறுவதற்குள் சக்கரம் மாறிவிட்டது. ஜாக்கியைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில் மொபெட் பக்கம் ரெண்டு எட்டு நடந்து, நின்று, திரும்பி வந்து ஆத்மநாதன் காலடியில் வைத்தார். அவன் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். நாலு வருஷமாக இல்லாத ஒரு கேள்வி இப்போது ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது.

"எவ்வளவுண்ணே?" என்றான் மெதுவாக.

"வீல் மாத்த இருநூறு. மாடு இருந்தா முந்நூறு."

"இன்னைக்குத் தேங்காய்தானண்ணே."

"அதான் இருநூறு."

"போன்ல அனுப்பிரவா?"

"கையில வை."

சவரியப்பன் கிரீஸ் பட்ட கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். டீக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி திரும்பி நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஆத்மநாதன் டவுசர் பையிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து, வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தான். கடைசித் தாள் விழுந்தது. கை மூடவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருக்க, சவரியப்பன் மற்றக் கையால் வேன் கதவை ஒருதரம் திறந்து, மூடிப் பார்த்தார். கிறீச்சென்றது. "கீலு தனி" என்று ஆத்மநாதனை ஏறிட்டுப் பார்த்தார். ஆத்மநாதன் பெருமூச்சு விட்டு, மறுபடி பைக்குள் கையை விட்டு, விரித்திருந்த உள்ளங்கையில் எண்ண ஆரம்பித்தான்: "பத்து… இருவது…"